குழிப்பணியாரக் கல்லும் 300 கிராம் சால்மனும்

சால்மன் மீனை வறுவல் போடாதீர்கள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் இதை ஒட்டி வருவதுதான். மதுரையில் இப்போது பெரிய சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்களில் சால்மன் கிடைக்கிறது, வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற ஆப்களிலும் இருக்கிறது, விலை கிலோ இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டும். அவ்வளவு கொடுத்து வாங்கிவந்து, சீலா மீனுக்குப் பூசுகிற மாதிரியே மிளகாய்த்தூள், மல்லித்தூள், இஞ்சி பூண்டு விழுது, புளிக்கரைசல் எல்லாம் பூசி அரைமணி நேரம் ஊறவைத்து, காய்ந்த எண்ணெயில் போட்டுச் சிவக்கப் பொரித்து எடுக்கிறார்கள். எங்கள் சொந்தக்காரர் வீடுகளிலேயே பார்க்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் "இந்த மீனுக்கா இவ்வளவு விலை, நம்ம சீலாவே தேவல" என்று ஒரு பேச்சு வரும். வறுவலுக்குச் சீலாதான் தேவலை, அதில் எனக்கும் மறுப்பில்லை. சால்மனுக்கு வேறு வழி இருக்கிறது, அது வறுவலை விடச் சுலபமும்கூட.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த மீனில் இருக்கிற கொழுப்பு. 100 கிராம் வளர்ப்பு சால்மனில் சுமார் 20 கிராம் புரதமும் 13 கிராம் கொழுப்பும் இருக்கும். அந்தக் கொழுப்பில் ஏறக்குறைய 2 கிராம், இபிஏ, டிஹெச்ஏ என்று சொல்கிற ஒமேகா-3 கொழுப்பு. இதயத்துக்கு நல்லது, வாரத்தில் இரண்டு நாள் மீன் சாப்பிடுங்கள் என்று டாக்டர்கள் சொல்வது இதை நினைத்துத்தான். இவ்வளவு கொழுப்பைத் தன்னிடமே வைத்திருக்கிற மீனுக்கு நாம் வெளியிலிருந்து எண்ணெய் ஊற்ற வேண்டிய வேலையே இல்லை. எண்ணெயில் முங்க விட்டுப் பொரித்தால் மீனின் கொழுப்பு சட்டியில் இறங்கும், சட்டி எண்ணெய் மீனுக்குள் ஏறும். எதற்காக அந்த விலை கொடுத்தோமோ அதை வழித்து ஊற்றிவிட்டு, கடலை எண்ணெயைச் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

அதே கொழுப்பினால்தான் சால்மனைக் கையகலத் துண்டாகச் சாப்பிட்டால் நம் நாக்குக்குத் திகட்டுகிறது. நாம் மீன் என்றால் புளியும் காரமுமாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள், அயிரை மீன் குழம்பில் வளர்ந்த ஊர் இது. ஒரு முழுத் துண்டைத் தட்டில் வைத்து முள்கரண்டியால் பிய்த்துச் சாப்பிடுவது பாதிக்கு மேல் இறங்காது. ஆனால் அதையே ஒரு வாய்க்கு ஒரு துண்டு என்று சின்னதாக வெட்டி, பக்கத்தில் புளிப்பாகவோ காரமாகவோ நறநறவென்றோ ஏதாவது ஒன்றை வைத்தால், தட்டு காலியாவது தெரியாது. செலவும் கட்டுப்படும். 300 கிராம் வாங்கினால் ஓர் அங்குலத் துண்டுகளாகப் பதினாறு, பதினெட்டு வரும், வீட்டுக்கு வந்த நாலைந்து பேருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்க அது தாராளம்.

வாங்குகிற இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கரிமேட்டில் நான் வழக்கமாக மீன் வாங்குகிற அண்ணனிடம் ஒரு தடவை சால்மன் கேட்டேன். "அது நம்ம கடல்ல ஏதுக்கா, குளிர் கடல் மீன்ல அது. காலா இருக்கு, விடியக்காலையில ராமேஸ்வரத்துல இருந்து வந்தது, செவுளைத் தூக்கிப் பாருங்க" என்றார். அவர் சொன்னது சரி. சில இடங்களில் 'இந்தியன் சால்மன்' என்று எழுதி விற்பது இந்தக் காலா மீனைத்தான், வடக்கே ரவாஸ் என்பார்கள். நல்ல மீன், எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் சால்மன் குடும்பமே இல்லை. சதை வெள்ளையாக இருக்கும், கொழுப்பும் குறைவு. நான் கீழே சொல்கிற எதையும் காலாவிலும் செய்யலாம், அப்போது எண்ணெய் மட்டும் ஒரு ஸ்பூன் கூட விடுங்கள். நிஜ சால்மன் ஆரஞ்சு நிறத்தில், நடுநடுவே வெள்ளைக் கோடுகளோடு இருக்கும், அந்தக் கோடுகள்தான் கொழுப்பு. உலகத்திலேயே அதிகமாக அதை வளர்ப்பது நார்வே, அடுத்து சிலி. எந்த நாட்டுச் சரக்கு என்பது பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். பாக்கெட்டுக்குள் ஐஸ் துகள்கள் மணல் மாதிரி கிடந்தால் எடுக்காதீர்கள், நடுவில் எங்கேயோ உருகி மறுபடி உறைந்த மீனாக இருக்கலாம்.

ஒமேகா-3 மட்டும்தான் வேண்டும் என்றால் சாளையும் அயிலையும் போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவற்றிலும் அது நிறைய இருக்கிறது, விலையும் கைக்கு அடக்கம், எங்கள் வீட்டில் வாரத்தில் ஒரு நாள் சாளைக் குழம்பு கட்டாயம் உண்டு. சால்மனை நான் வாங்குவது முள் தொந்தரவு இல்லாமல் பிள்ளைகளும் பெரியவர்களும் சாப்பிடுவதற்கும், பத்தே நிமிடத்தில் வேலை முடிவதற்கும்தான்.

சரி, உறைந்த மீனை எப்படி இளக வைப்பது. முந்தின நாள் ராத்திரி ஃப்ரீசரில் இருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். காற்று உறிஞ்சி ஒட்டிய பாக்கெட்டாக இருந்தால் வைப்பதற்கு முன்னாலேயே கத்தரியால் ஒரு வெட்டு வெட்டித் திறந்துவிட வேண்டும், காற்றில்லாத இடத்தில் வளர்கிற ஒரு வகைக் கிருமி இருக்கிறது, மீன் இளகும்போது அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. சமையல் மேடையில் வைத்து இளக விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் மதுரைச் சமையலறை இருக்கிற சூட்டுக்கு, வெளிப்பக்கம் கெட ஆரம்பிக்கும்போது நடுவில் ஐஸ் அப்படியே இருக்கும். இன்னொன்று, மாதாந்திரப் பராமரிப்புக்கு எங்கள் பகுதியில் காலை முதல் சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்துகிற நாளை முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிடுவார்கள், அதைப் பார்த்துவிட்டு மீன் வாங்குங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரீசர் தாங்கும், கீழே ஃப்ரிட்ஜில் இளகிக்கொண்டிருக்கிற மீனுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் உத்தரவாதம் கிடையாது.

இளகிய மீனைப் பலகையில் வைத்து, தலைப்பக்கத்தில் இருந்து வால் பக்கம் விரலால் தடவிக்கொண்டே போங்கள். நடுக்கோட்டை ஒட்டி ஊசி மாதிரி முள் நுனிகள் விரலில் தட்டும். புருவம் திருத்துகிற சிமிட்டா ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டால் நல்லது, முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே இழுத்தால் சதை கிழியாமல் வரும். இதை நான் ஒருநாளும் அவசரத்தில் விடுவதில்லை. எங்கள் அத்தைக்குப் பல் கட்டியிருக்கிறது, தட்டை நீட்டியதும் முதலில் கேட்பது "முள்ளு கிள்ளு இருக்காத்தா?" என்றுதான். "இல்லத்தை, எல்லாம் எடுத்தாச்சு, தைரியமா சாப்பிடுங்க" என்று வாய் நிறையச் சொல்ல முடிய வேண்டும் எனக்கு.

அப்புறம் தோல். கடையில் தோலோடு இருந்தால் தோலோடே வாங்குங்கள். கூரான கத்தியைச் சதைக்கும் தோலுக்கும் நடுவில் படுக்கப் போட்டு இழுத்தால் தோல் தனியாக வந்துவிடும். அதைத் தூர எறியாமல், செதில் இருந்தால் சுரண்டிவிட்டு, துடைத்து, உப்பு மிளகு தூவி, எண்ணெயே இல்லாமல் தோசைக்கல்லில் போட்டு மேலே ஒரு தட்டை வைத்து அழுத்தி, சிறு தீயில் விட்டால் தன் கொழுப்பிலேயே அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று ஆகிவிடும். கையால் நொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருகிற எதன் மேலும் தூவலாம்.

இப்போது குழிப்பணியாரக் கல். ஒரு வாய் அளவுப் பலகாரத்துக்கென்றே நம் வீடுகளில் பாத்திரம் இருக்கும்போது ஓவன் வேண்டும், ட்ரே வேண்டும் என்று தேடுவது எனக்குப் புரிவதில்லை. மீனை ஓர் அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். துண்டுகளைச் சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள், ஈரம் இருந்தால் வறுபடாமல் அவிந்து போகும். 300 கிராமுக்கு முக்கால் டீஸ்பூன் இடித்த மிளகு, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், நாலு பல் பூண்டை நசுக்கி, பத்து கறிவேப்பிலையைப் பொடியாகக் கிள்ளிப் போட்டுப் பிசறுங்கள். அவ்வளவுதான் மசாலா. சோம்பு பிடிக்கும் என்றால் கால் டீஸ்பூன் இடித்துச் சேர்க்கலாம். எலுமிச்சைச் சாற்றை மட்டும் இப்போது ஊற்றாதீர்கள், புளிப்பு பட்டால் சதை அடுப்பில் ஏறும் முன்பே வெளுத்துக் கெட்டியாகிவிடும், அது கடைசியில்தான். ஊற வைக்கவும் தேவையில்லை.

கல் நன்றாகக் காய வேண்டும். இரும்புக் கல்லாக இருந்தால் ரொம்ப நல்லது, குழிக்கு இரண்டு சொட்டு நல்லெண்ணெய் போதும், ஒரு துணி முடிச்சால் தொட்டுத் தடவினாலே போதும். ஒரு துண்டை வைத்துப் பாருங்கள், சுர்ரென்று சத்தம் வந்தால் மற்றதையும் வைக்கலாம், சத்தம் வரவில்லை என்றால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். வைத்த பிறகு துண்டின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டிருங்கள். அடர்ந்த ஆரஞ்சாக இருக்கிற சதையில், அடியில் இருந்து வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு மெல்ல மேலே ஏறி வரும். அது பாதியைத் தாண்டும்போது, சுமார் ஒன்றரை நிமிடத்தில், பணியாரக் கம்பியால் திருப்பிவிடுங்கள். ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றால் நோண்டாதீர்கள், பத்து நொடி விட்டால் தானே விடும். மறுபக்கமும் ஒன்றரை நிமிடம். துண்டின் மடிப்புகளில் வெள்ளையாகப் பால் திரிந்த மாதிரி கசிய ஆரம்பிக்கும், அது கெட்டுப்போன அறிகுறி இல்லை, மீனின் புரதம்தான், சூடு போதும் என்று அர்த்தம். உடனே எடுத்துவிட வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் குத்திப் பார்த்தால் நடுவில் 63 டிகிரி செல்சியஸ் காட்டினால் வெந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் என்று விட்டால் சக்கையாகிவிடும், சால்மனை நம் ஆட்கள் வேண்டாம் என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு நிமிடம்.

இந்த நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இது தெரிந்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இறால் வெந்தால் சிவக்கிறது, சால்மன் வெந்தால் வெளிறுகிறது, ஆனால் இரண்டிலும் இருப்பது அஸ்டாக்சாந்தின் என்கிற ஒரே நிறமி. இறால் ஓட்டில் அது ஒரு புரதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது, சூடு பட்டதும் கட்டு அவிழ்ந்து சிவப்பு வெளியே தெரிகிறது. சால்மனில் அது முதலிலிருந்தே சதையில் தெரிகிற மாதிரி இருக்கிறது, வேகும்போது சதை வெளுத்துக் கெட்டியாவதால் நிறம் மங்குகிறது. கடலில் திரிகிற சால்மனுக்கு அந்த நிறம் வருவதே இறால் வகைச் சின்ன உயிர்களைத் தின்பதால்தான். வளர்ப்பு மீனுக்கு அதே நிறமியைத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள்.

எடுத்த துண்டுகளின் மேல் எலுமிச்சை பிழிந்து, நொறுக்கின தோலைத் தூவி, பல்குச்சி குத்தி வைத்தால் ஒரு வகை ஆயிற்று. மாங்காய் காலத்தில் எலுமிச்சைக்குப் பதில் கிளிமூக்கு மாங்காயைத் தீக்குச்சி போல நறுக்கி, துளி உப்பும் மிளகாய்த்தூளும் பிசிறி, ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு கொத்து வைப்பேன். நத்தம் பக்கத்தில் இருந்து மாங்காய் வந்து குவிகிற மாதங்களில் வேறு எதையும் யோசிக்கவே மாட்டேன், அந்தப் புளிப்பும் இந்தக் கொழுப்பும் அப்படிப் பொருந்தும்.

ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது வெற்றிலையில் மடித்ததைத்தான். சோழவந்தான் வெற்றிலை பக்கத்திலேயே விளைகிறது, 2023இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது அதற்கு. கடைக்காரரிடம் கொழுந்தாகக் கேட்டு வாங்குங்கள், முற்றின இலை நாக்கை அறுக்கும். காம்பைக் கிள்ளி, கழுவித் துடைத்து, உள்ளங்கையில் கூம்பாகச் சுருட்டிப் பிடித்து, உள்ளே ஒரு சால்மன் துண்டு, இரண்டு கீற்றுத் தேங்காய், பொடியாக நறுக்கின சின்ன வெங்காயம், மிளகு அளவு இஞ்சி, ஒரு கடுகளவு பச்சை மிளகாய், வறுத்த வேர்க்கடலை இரண்டு, மேலே நாலு சொட்டு எலுமிச்சை. அப்படியே மடித்து முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், கடித்து மிச்சம் வைக்கக்கூடாது. முதலில் இலையின் காரம் வரும், அப்புறம் தேங்காய், கடைசியில்தான் மீன். தாய்லாந்தில் மியாங் காம் என்று இதற்கு உறவான ஒரு தின்பண்டம் உண்டு, அங்கே வெற்றிலை இனத்தைச் சேர்ந்த இன்னொரு இலையில் தேங்காய், இஞ்சி, கடலை எல்லாம் மடித்துத் தருவார்கள். மிளகும் வெற்றிலையும் ஒரே இனக் கொடிகள், மிளகு போட்ட மீன் வெற்றிலைக்குள் இவ்வளவு இதமாக உட்காருவதற்கு அதுதான் காரணம் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். போன தீபாவளிக்கு வந்த மதினி, அசைவம் முடித்து வெற்றிலை போடுவது போய் வெற்றிலைக்குள்ளேயே அசைவமா என்று கேட்டுக்கொண்டே அடுத்த இலைக்குக் கையை நீட்டினார்.

அடுப்பில் நிற்கவே முடியாத வெயில் நாட்களுக்கு வெள்ளரி. கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு கிண்ணத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து வெண்ணெய் போலத் திரண்டிருக்கும். கடையில் விற்கிற க்ரீம் சீஸ் செய்கிற வேலையை இது செய்யும், கொழுப்பு அதில் பாதிகூட இருக்காது. காலையிலேயே ஆவியில் ஆறேழு நிமிடம் வேகவைத்து ஆறின சால்மனை இதில் உதிர்த்து, சின்ன வெங்காயம், மல்லித்தழை, மிளகு, உப்பு சேர்த்துக் கிளறி, கால் அங்குல கனத்தில் வெட்டின வெள்ளரி வில்லைகளின் மேல் ஒரு ஸ்பூன் வையுங்கள். வைத்ததும் பரிமாறிவிட வேண்டும், நேரமானால் வெள்ளரி தண்ணீர் விட்டு எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். மோர் சாதம் பிசைகிற குடும்பத்தில் மீனும் தயிருமா என்று ஒரு கேள்வி வரும். எங்கள் அத்தையும் தொட மாட்டேன் என்றார், அவர் நம்பிக்கை அவருக்கு, அவருக்கு மட்டும் தயிருக்குப் பதில் தேங்காய்ச் சட்னியைக் கெட்டியாக அரைத்து அதில் உதிர்த்துக் கொடுத்தேன். அதுவும் நன்றாகவே இருந்தது.

டின்னில் வருகிற சால்மனையும் தள்ள வேண்டாம். அது ஏற்கெனவே வெந்தது, உள்ளே இருக்கிற முள்ளும் விரலால் நசுக்கினால் மாவாகிற அளவுக்கு மெத்தென்று இருக்கும், அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் கால்சியம் கிடைக்கும். தண்ணீரை வடித்துவிட்டு, பொட்டுக்கடலை மாவு, சோம்பு, வதக்கின சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிசைந்து கோலா உருண்டையாகப் பிடித்து, அதே பணியாரக் கல்லில் உருட்டி உருட்டி எடுங்கள். உப்பு மட்டும் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள், டின்னிலேயே உப்பு இருக்கும்.

வீடியோக்களில் பச்சையாகவே அரிந்து சோற்றின் மேல் வைக்கிறார்கள், அதை வீட்டில் செய்யாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பச்சையாகச் சாப்பிடுவதற்கான மீனைப் புழுக்கள் சாக மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைப்பது ஒரு முறை, வீட்டு ஃப்ரீசர்கள் பல அந்தக் குளிருக்குப் போவதே இல்லை. மெல்லிசாக, பளபளவென்று பாக்கெட்டில் வருகிற புகையூட்டிய சால்மனும் பெரும்பாலும் வேகாததுதான். அதில் உப்பு அதிகம், லிஸ்டீரியா கிருமிக்கும் வாய்ப்பு உண்டு. மாசமாக இருக்கிற பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் கொடுக்காதீர்கள், பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்புக்காகவே அதை ஒதுக்கிவிடலாம். வேகவைத்துச் சாப்பிடுகிற மீனிலேயே எல்லாச் சத்தும் இருக்கிறது.

மீந்துபோனால் ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்க வேண்டாம். இரண்டு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். மறுபடி சூடு பண்ணினால் வாடை தூக்கும், ஜில்லென்று எடுத்து உதிர்த்து, வெங்காயமும் எலுமிச்சையும் கலந்து, காலையில் இட்லிக்குப் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள்.